கேள்வி–பதில்: அதிபரின் கணக்கில் எதை எழுதுவது?

கேள்வி: 2009-ல் அமெரிக்கப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியவர் ஒபாமா என்கிறார் ஒரு நண்பர். நாட்டைக் கடனில் தள்ளியதே அவர்தான் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேர் கையிலும் இருப்பது உண்மையான எண்தான், அதனால்தான் இந்தச் சண்டை ஓய மாட்டேன் என்கிறது. 2009 அக்டோபரில் வேலையில்லாதவர்கள் 10 சதவீதம், 2017 ஜனவரியில் அவர் வெள்ளை மாளிகையை விட்டுக் கிளம்பும்போது 5 சதவீதத்துக்கும் கீழே. முதல் நண்பர் இதைக் காட்டுவார். வரும்போது சுமார் 10.6 லட்சம் கோடி டாலராக இருந்த தேசியக் கடன் போகும்போது 20 லட்சம் கோடியை நெருங்கிவிட்டது, இரண்டாமவர் இதைக் காட்டுவார்.

சரி, காலண்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பிப் பாருங்கள். மந்தநிலை தொடங்கியது 2007 டிசம்பரில், ஒபாமாவுக்கு முன் அதிபராக இருந்த புஷ் ஆட்சியில். வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டத்தில் 2008 அக்டோபரில் கையெழுத்துப் போட்டதும் குடியரசுக் கட்சிக்காரரான புஷ்தான். அந்த டிசம்பரில் கார் கம்பெனிகளுக்கான உதவியை அவருடைய கட்சிக்காரர்களே செனட்டில் முடக்கியபோது, பதவி முடிய ஒரு மாதம்தான் பாக்கி, பேசாமல் ஒபாமா தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடன் தருவதாக அறிவித்தார். ஒபாமா அதைத் தொடர்ந்தார், இன்னும் பெரிதாகவே செய்தார். ஆனால் அவருடைய 78,700 கோடி டாலர் ஊக்கத் திட்டம் 2009 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. நாலு மாதம் முன்னால் புஷ்ஷின் வங்கிச் சட்டத்துக்கு அதே கட்சியில் 91 பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். இடையில் அந்த நாற்காலியில் ஆள் மாறியிருந்தார், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அந்தச் செலவு தேவைதான், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேலையிழந்தவர்கள் இன்னும் கூடியிருப்பார்கள். ஒபாமா மேல் எனக்குள்ள கோபம் வேறு இடத்தில். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்த 30, 40 லட்சம் குடும்பங்களுக்குக் கைகொடுப்போம் என்று தொடங்கிய திட்டம் அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை. வங்கிக்குக் கிடைத்த வேகம் வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. இதை இரண்டு தரப்பும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் வலிக்கிறது.

கேள்வி: ஒரே பொருளாதாரம், ஒருவருக்கு ஓஹோ, இன்னொருவருக்கு ஐயோ. எப்படி?

பதில்: மிச்சிகன் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக நுகர்வோரிடம் பொருளாதாரம் எப்படி இருக்கிறது, இனி எப்படி இருக்கும் என்று கேட்டு வருகிறது. 2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் குடியரசுக் கட்சிக்காரர்களின் நம்பிக்கை விறுவிறுவென்று ஏறியது, ஜனநாயகக் கட்சிக்காரர்களுடையது இறங்கியது. 2020-ல் பைடன் ஜெயித்ததும் அப்படியே தலைகீழ். அந்தச் சில வாரங்களில் யாருடைய சம்பளமும் பெரிதாக மாறிவிடவில்லை, புது அதிபர் பதவிகூட ஏற்கவில்லை.

கேள்வி: பைடன் காலத்து விலையேற்றத்துக்கு அவர்தானே பொறுப்பு?

பதில்: ஒரு பங்கு, ஆமாம். 2021 மார்ச்சில் அவர் கொண்டுவந்த 1.9 லட்சம் கோடி டாலர் கொரோனா உதவித் திட்டம் அளவுக்கு மீறியது, விலையை ஏற்றிவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் லாரி சம்மர்ஸ், கிளின்டன் ஆட்சியில் நிதியமைச்சராக இருந்தவர், பைடனின் சொந்தக் கட்சிக்காரர். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் யூரோ நாடுகளிலும் 10 சதவீதத்தைத் தாண்டியதே, அங்கே பைடனா ஆட்சி செய்தார்? கொரோனாவில் அறுந்துபோன சரக்கு வரத்தும் உக்ரைன் போரும் அதில் இருக்கின்றன. 2020 மார்ச்சில் டிரம்ப் கையெழுத்திட்ட 2.2 லட்சம் கோடி டாலர் உதவியும்தான் மக்கள் கைக்குப் போனது, அது செனட்டில் 96-0 என்று நிறைவேறியது. அப்போது வீடுகளுக்குப் போன காகிதக் காசோலைகளின் இடது மூலையில் டிரம்பின் பெயர் அச்சாகியிருந்தது. பைடன் தன் முறை வந்தபோது பெயர் வேண்டாம் என்றுவிட்டார். அது எனக்குப் பிடித்தது, ஆனால் அதற்காக அவருடைய திட்டத்தின் அளவு சரியாகிவிடாது.

கேள்வி: அப்படியென்றால் ஒரு அதிபரின் தலைமையை எதை வைத்து அளப்பீர்கள்?

பதில்: தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் செய்ததை வைத்து. அதனால் நான் அடிக்கடி ஜிம்மி கார்ட்டரை நினைத்துக்கொள்வேன். விலைவாசி எகிறிக்கொண்டிருந்த 1979-ல் மத்திய வங்கியின் தலைவராக பால் வோல்க்கரை நியமித்தார். வட்டியை ஏற்றாமல் விடமாட்டார் என்று பெயரெடுத்தவர் வோல்க்கர், அடுத்த வருஷமோ தேர்தல். அவர் இறுக்கிய பிடியில் வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. வீடு கட்டுபவர்கள் விற்காத மரக்கட்டைகளை அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள், கார் விற்பவர்கள் விற்காத கார்களின் சாவிகளை அனுப்பினார்கள், விவசாயிகள் டிராக்டரோடு வந்து மத்திய வங்கியின் வாசலை மறித்தார்கள்.

1980-ல் கார்ட்டர் தோற்றார். அப்புறம் ரீகன் வந்தார், அவருக்கும் வலித்தது, 1982 கடைசியில் வேலையில்லாதவர்கள் 10.8 சதவீதம், பதவிக்காலத்தின் நடுவில் வந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அவர் கட்சி 26 இடங்களை இழந்தது. இருந்தும் அவர் வோல்க்கரை மாற்றவில்லை, 1983-ல் மறுபடி நியமித்தார். இதையும் அவர் கணக்கில் எழுதியாக வேண்டும். விலை அடங்கியது, 1984-ல் ரீகன் 49 மாநிலங்களை அள்ளினார். கார்ட்டர் அதற்குள் ஜார்ஜியாவில் தன் ஊரான பிளெயின்ஸுக்குத் திரும்பிப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.