அணுமின்சாரமும் காற்றாலையும்: நாடாளுமன்றம் எதைத் தீர்மானிக்கிறது?

கேள்வி: மின்நிலையங்களைக் கட்டுபவை நிறுவனங்கள்தாமே? சட்டத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

பதில்: அணுஉலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை யார், எவ்வளவு வரை தருவது என்பது தெளிவாகாதவரை முதலீட்டாளர்கள் முன்வரத் தயங்குவார்கள். அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தனியாரை அனுமதித்த பிறகும், அந்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு விதிக்க 1957இல் பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் தேவைப்பட்டது. காற்றாலைக்கு வேண்டியவை வேறு: மின்சாரத்தை வாங்கக் கடமைப்பட்டவர் யார், என்ன விலைக்கு, எந்த நிலத்தில் நிறுவலாம் என்பவை. ஜெர்மனியில் 1991இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மின்விநியோக நிறுவனங்கள் அதை வாங்கியே தீர வேண்டும் என்று விதித்ததால்தான் அங்கே காற்றாலைகள் பெருகத் தொடங்கின.

கேள்வி: காற்றாலைக்குத் தரும் சலுகைத் தொகையைக் கூட்டினால் போதாதா?

பதில்: போதாது. அமெரிக்காவில் 1992இல் வந்த காற்றாலை வரிச்சலுகை 1999 நடுவிலும், 2001, 2003 ஆண்டுகளின் இறுதியிலும் காலாவதியானது. ஒவ்வொரு முறையும் பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் அடுத்துவந்த ஆண்டுகளில் புதிய காற்றாலைகள் நிறுவுவது கடுமையாகச் சரிந்தது. தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும் நெடுங்காலம் நிலைக்கும் சட்டமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆட்சி மாறும்போதெல்லாம் சட்டமும் மாறினால் அணுமின்சாரம் என்னவாகும்?

பதில்: இதுவே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது. அணுமின்சாரத்தைப் படிப்படியாகக் கைவிட ஜெர்மனி 2002இல் சட்டமியற்றியது. 2010இல் உலைகளின் ஆயுளை நீட்டித்தது. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் 2011இல் மீண்டும் மாற்றியது. கடைசி மூன்று உலைகளும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டன. பிரான்சோ, மின்உற்பத்தியில் அணுவின் பங்கை 2025க்குள் 50 சதவீதமாகக் குறைக்க 2015இல் சட்டம் இயற்றி, 2019இல் அக்கெடுவை 2035க்குத் தள்ளி, 2023இல் இலக்கையே நீக்கிவிட்டது. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலைக்கு நாடாளுமன்றம் 2002இல் ஒப்புதல் தந்தது. வழக்கமான உற்பத்தி தொடங்கியதோ 2023இல். இவ்வளவு நீண்ட பணி, இடையில் வரும் தேர்தல்கள் அனைத்தையும் தாங்க வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி, புதிய உலைக்கு அரசு தரும் கொள்கை ஒப்புதலை நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். உலை அமையும் ஊராட்சிக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. கட்டுவதற்கு முன்பே இப்படி வெளிப்படையாகக் கேட்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆஸ்திரியாவில் ஸ்வென்டென்டோர்ஃப் உலையைக் கட்டி முடித்த பிறகுதான் 1978இல் மக்களைக் கேட்டார்கள். மக்கள் மறுத்ததால் அது ஒருநாளும் இயங்கவில்லை.

கேள்வி: காற்றாலைக்கு இனி எந்தச் சட்டம் அவசியம்?

பதில்: நிலத்துக்கான சட்டம். 2032க்குள் நாட்டின் பரப்பில் 2 சதவீதத்தைக் காற்றாலைக்கு ஒதுக்க வேண்டும் என்று ஜெர்மனி 2022இல் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. விலை உறுதியாக இருந்தும் இடம் கிடைக்காமல் திட்டங்கள் தேங்கும் நாடுகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.