ரத்தம் ஏற்றாத சபை: ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையினர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என்னோடு ஒரே ஷிப்டில் இருக்கும் நண்பர் அந்தச் சபையைச் சேர்ந்தவர். குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், ஸ்டோரிலிருந்து ஒரு நட்டு போல்ட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார். அவர்கள் எல்லாருமே அப்படித்தான். உங்கள் கட்டுரை அவர்களை மொத்தமாக மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் போலக் காட்டுகிறதே, இது நியாயமா? எங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் உங்கள் கட்டுரையைப் போட்டு, மேலே “ஜனகணமன பாடாத தேசத்துரோகிகள்” என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். நண்பர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிக்கு இப்போது ஏழு மாதம், ரத்தம் கம்மி என்று சொல்லியிருக்கிறார்களாம், அந்தக் கவலை வேறு. ஒரு மதக் குழுவைப் பொதுவாக விமர்சிப்பது சரியா? நீங்கள் கிறிஸ்தவர்களுக்கு எதிரானவர் என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

தம்பி, ஏழு மாதக் கர்ப்பிணி, ரத்தம் கம்மி, ரத்தம் ஏற்ற மாட்டோம் என்கிற சபை. இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நான் யாருக்கு எதிரானவள் என்று கேட்கிறீர்களே! ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அவரிடம் கேட்டீர்களா? கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. இரும்புச்சத்தை ஊசி வழியாக நேரே நரம்பில் ஏற்றலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போடுகிறார்கள். அது ரத்தம் இல்லை, அவர்கள் சபை அதைத் தடுக்கவும் இல்லை. இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. இன்றைக்கே போய்ப் பேசுங்கள். மதம், சபை என்று எதையும் எடுக்காதீர்கள், ஊசியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளவும், தங்கள் நிலைப்பாட்டை டாக்டரிடம் இப்போதே சொல்லிவைக்கவும் சொல்லுங்கள். வலி வந்த பிறகு சொன்னால் எந்த டாக்டருக்கும் கை கட்டிப்போட்ட மாதிரிதான்.

நான் கிறிஸ்தவர்களுக்கு எதிரானவளா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. “மூளைச்சலவை” என்ற சொல் என் கட்டுரையில் எங்கேயும் கிடையாது, திரும்பப் படியுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் விடப்போவதில்லை. “அவர்கள் எல்லாருமே அப்படித்தான்.” இதை எழுதியது அந்த வாட்ஸ்அப்காரர் இல்லை, நீங்கள். அவர் எல்லாரையும் துரோகி என்கிறார், நீங்கள் எல்லாரையும் யோக்கியர் என்கிறீர்கள். உங்கள் நண்பர் நட்டு போல்ட்டைத் தொடாதது அவருடைய நேர்மை. அதைப் பிடுங்கிச் சபைக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? நாளைக்கு அதே சபைக்காரர் ஒருவர் சீட்டுப் பணத்தோடு ஓடிவிட்டால் உங்கள் நண்பர் மேல் வைத்த நம்பிக்கையையும் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

ஆஸ்திரேலியாவில் அரசு அமைத்த விசாரணை ஆணையம் ஒன்று 2015-இல் இந்தச் சபையின் கோப்புகளை வாங்கிப் பார்த்தது. 1950-இலிருந்து குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 1,006 பேரைப் பற்றிய பதிவுகள் அவற்றில் இருந்தன. ஒருவரைப் பற்றிக்கூடச் சபை போலீஸுக்குச் சொல்லவில்லை. குற்றம் செய்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், சபை நடவடிக்கை எடுக்க இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது அவர்களுடைய விதி. பூட்டிய அறைக்குள் ஒரு குழந்தைக்கு நடந்ததற்கு இரண்டாவது சாட்சி எங்கிருந்து வரும்? இதைச் சொன்னால் உங்கள் நண்பரைக் குற்றவாளி என்றதாக ஆகுமா? ஆகாது. விதி அவர் எழுதியதில்லை. ஆனால் எழுதியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கத்தான் வேண்டும்.

உங்களுக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வயதுக்காரர்களுக்கு இது அவ்வளவு உறைத்திருக்காது. தொண்ணூறுகளில் நான் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது, ஊர் தருமபுரி என்று சொன்னதும் அறைத்தோழி கேட்ட முதல் கேள்வி, “உங்க ஊர்ல பொம்பளப் புள்ளன்னா கள்ளிப்பால் ஊத்திடுவாங்களாமே?” என்பதுதான். அன்றைக்கு எனக்கு அழுகையாக வந்தது. நானும் பொம்பளப் பிள்ளைதானே, உயிரோடு எதிரில்தானே நிற்கிறேன்! விடுமுறைக்கு ஊருக்கு வந்து என் அத்தையிடம் இதைச் சொல்லிக் கொதித்தேன். பத்திரிகைக்காரர்கள் நம் மாவட்டத்தையே கொலைகார மாவட்டமாக ஆக்கிவிட்டார்கள் என்றேன்.

அத்தை கிராம சுகாதாரச் செவிலியர். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் நடந்தே வேலை பார்த்தவள். ஊரில் அவளுக்குப் பெயர் நர்சம்மா. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “ஊத்தறாங்கதானே? இல்லைன்னு சொல்லச் சொல்றியா?” என்றாள். அதன் பிறகு அவள் சொன்னவைதான் எனக்கு இன்றுவரை பாடம். முதல் பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, அவள் பயப்படுவதெல்லாம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான். எந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண், எந்த வீட்டில் மாமியார் வாய் திறந்தால் மருமகள் நடுங்குவாள், எந்த வீட்டில் நிலம் விற்று மூத்தவளுக்குக் கல்யாணம் செய்திருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் பிரசவம் ஆன மறுநாளிலிருந்து தினமும் போவாள். எடை பார்க்கிறேன், தொப்புள் பார்க்கிறேன் என்று ஏதாவது ஒரு சாக்கு. குழந்தையைக் கையில் வாங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கொஞ்சிவிட்டு வருவாள். நாளைக்கும் வருவேன் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. “அந்த ஜனங்களே அப்படித்தான்” என்று அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் அந்தத் தெருவுக்குள் காலடி வைத்ததும் இல்லை. “நம்ம ஜனங்க அப்படிப்பட்டவங்க இல்ல” என்றும் அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த மூன்றாவது பெண் பிழைத்திருக்க மாட்டாள்.

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கு வந்தது. அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு விமர்சனம் உண்டு. தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று தாயிடம் சொன்ன அளவுக்கு, அப்பனைப் பிடித்து யாரும் உலுக்கவில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் அரசாங்கம் தொட்டில் வைத்ததே, நடக்கிறது என்று பலர் உரக்கச் சொன்னதால்தான். ஊர்ப் பெயர் கெடும் என்று நாம் எல்லாரும் வாயை மூடியிருந்தால் தொட்டிலும் வந்திருக்காது.

அத்தை இன்னொன்றுக்கும் பயப்படுவாள், பிரசவ ரத்தப்போக்குக்கு. இந்தியாவில் பிரசவத்தில் சாகும் பெண்களில் பலரைக் கொண்டுபோவது அதுதான். நம் பக்கத்துப் பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்பே வெளிறிப்போய் இருப்பவர்கள். நான் சின்னவளாக இருந்தபோது, ஒரு பெண்ணுக்கு ரத்தம் வேண்டுமென்று அத்தை ராத்திரியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆள் திரட்டி, தருமபுரி ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றி அனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இந்தச் சபையின் ரத்த விதியைப் பற்றி எழுதும்போது என்னால் பட்டும் படாமல் எழுத முடிவதில்லை. அந்த விதி சொல்வது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பிரசவ மேஜையில் அதற்கு விலை கொடுக்கிறவள் பெண்.

அது கடவுளின் கட்டளை என்பார் உங்கள் நண்பர். அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவார். ரத்தத்துக்கு விலகியிருக்க வேண்டும் என்ற அந்த வசனத்தை மற்றச் சபைகள் உணவைப் பற்றிய விதியாகத்தான் வாசிக்கின்றன. வேதத்தைப் பற்றி நான் வாதாட வரவில்லை. நான் கேட்பது வேறு. ரத்தம் ஏற்றிக்கொள்வது பாவம் என்று இந்தச் சபை சொல்லத் தொடங்கியது 1945-இல்தான். சிவப்பணு கூடாது, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா கூடாது, ஆனால் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கிற அல்புமின் என்ற புரதம் அவரவர் மனசாட்சிக்கு விட்டது. இந்தக் கோடு எந்த வசனத்தில் இருக்கிறது? 1967-இல் அவர்களுடைய ‘காவற்கோபுரம்’ பத்திரிகை உறுப்பு மாற்று சிகிச்சையை மனித மாமிசம் தின்பதோடு சேர்த்துப் பேசியது. 1980-இல் அதே பத்திரிகை, அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது என்று எழுதியது. இடையில் பதின்மூன்று வருஷம். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் பத்திரிகையை நம்பி, சிறுநீரகம் வேண்டாம் என்று சொன்ன ஒரு விசுவாசியின் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? வசனம் அப்படியேதான் இருந்தது. நியூயார்க்கில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சபையின் ஆளும் குழு மனதை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். மாற்றிக்கொள்ள முடிந்த விதிக்காக ஓசூரில் ஒரு பெண் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? வேண்டாம் என்று அவளே நினைத்து, ரத்தம் ஏற்றிக்கொண்டு, அதற்காக வருந்தவும் மறுத்தால், அவள் சபைக்கு வெளியே. பெற்ற தாயும் கூடப்பிறந்தவளும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பொதுமைப்படுத்துகிறேன் என்கிறீர்களே, இதில் எங்கே பொதுமை? ஆண்டு இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, முடிவெடுத்த குழு இருக்கிறது. இதைவிடக் குறிப்பாக ஒரு விமர்சனத்தை எப்படி எழுதுவது?

பிறப்பால் ஒருவர் மேல் விழுவதையும் இதையும் தயவுசெய்து குழப்பாதீர்கள். துலுக்கர், கிறிஸ்தவர், இன்ன சாதி என்று ஒருவரைப் பிறப்பை வைத்துப் பேசினால் அவரால் என்ன செய்ய முடியும்? சபையின் விதி அப்படியில்லை. அச்சில் இருக்கிறது, அதை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்து, நம்பச் சொல்கிறார்கள். அப்புறம் அதைப் படித்துப் பார்த்துத் தப்பு என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

அந்தத் தேசத்துரோகி என்ற வரிக்கு வருகிறேன். அதைப் படித்து எனக்கு உடம்பு பதறியது. 1985-இல் கேரளத்தில் ஒரு பள்ளியிலிருந்து இந்தச் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள், அண்ணன் ஒருவனும் தங்கைகள் இருவரும். தேசியகீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை, அவ்வளவுதான் குற்றம். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பெழுதினார். எழுந்து நிற்பதே மரியாதை, பாடாதது அவமதிப்பு ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு. நாஜி ஜெர்மனியில் ஹிட்லருக்குக் கை தூக்க மாட்டோம் என்று வதை முகாமுக்குப் போய், இவர்களுக்கென்று முகாமில் கொடுத்த அடையாளமான ஊதா முக்கோணத்தோடு செத்தவர்களும் இதே சபைக்காரர்கள்தான். அந்த மன உறுதியை நான் வணங்குகிறேன். ரத்த விதியை எதிர்ப்பதற்காக இதை மறைத்தால் நான் எழுதுவதற்கே அர்த்தமில்லை.

2023 அக்டோபர் 29 அன்று கேரளத்தின் களமசேரியில் அவர்களுடைய ஜெபக்கூட்டத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் 12 வயதுச் சிறுமியும் உண்டு. வெடித்த கொஞ்ச நேரத்திலேயே விரல்கள் வேறொரு மதத்தின் பக்கம் நீண்டன. பிறகு நான்தான் வைத்தேன் என்று போலீஸில் சரணடைந்தவர், தானும் ஒரு காலத்தில் அதே சபையில் இருந்ததாகச் சொன்னார். ஏன் செய்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணம், சபையின் போதனைகள் தேசவிரோதமானவை என்பது. உங்கள் ஷிப்ட் குழுவில் வந்த வரியும் அதேதான்.

சரி, அதைச் சேர்த்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? அத்தனை பேருக்கு நடுவில் அவர் தனி ஆள், மனைவி ஏழு மாதம். பேச வேண்டியது நீங்கள்தான். குழுவில் என் கட்டுரை இருக்கட்டும், யாரும் படிக்கலாம், திட்டலாம். மேலே இருக்கும் அந்த ஒரு வரி என்னுடையது இல்லை என்று நான் சொன்னதாக எழுதுங்கள். 1986 தீர்ப்பையும் அங்கேயே போடுங்கள். போட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் நண்பரின் வீட்டுக்குப் போய் அந்த ஊசியைப் பற்றிப் பேசுங்கள், அவர் மனைவியையும் உட்காரவைத்துக்கொண்டு.

அன்புடன்,
அக்கா