பிபிஏ, பிகாமோடு கலைப் பாடங்களும் படிக்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

வணிகப் பட்டத்தோடு வரலாறு, தத்துவம், இலக்கியம், மொழி என்று லிபரல் ஆர்ட்ஸ் பக்கமும் கால் வைக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை. கட்டணம், உதவித்தொகை பற்றிய கேள்விகளை எடுக்கவில்லை. அவற்றைக் கல்லூரி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

மைனர், டபுள் மேஜர், இரட்டைப் பட்டம்: குழப்பமாக இருக்கிறது மேடம்.

மைனர் என்பது இன்னொரு துறையில் ஐந்தாறு பாடம். டபுள் மேஜரில் பட்டம் ஒன்று, துறை இரண்டு. பொதுப் பாடங்களை இரண்டு பக்கமும் கணக்கில் காட்டலாம். இரட்டைப் பட்டத்தில் கையில் இரண்டு சான்றிதழ் வரும். அமெரிக்க முறையில் ஒரு பட்டத்துக்குச் சாதாரணமாக 120 கிரெடிட் (பாடங்களை முடித்தால் சேரும் புள்ளி). இரண்டாவதற்குப் பல பல்கலைக்கழகங்களில் மேலும் 30, அதாவது ஏறக்குறைய ஒரு வருடம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹன்ட்ஸ்மன் திட்டம் போல, அதன் வணிகப் பள்ளியான வார்ட்டனின் பட்டத்தையும் சர்வதேசக் கல்வி பி.ஏ.வையும் அவர்களே சேர்த்துக் கொடுத்தால் கவலையில்லை. நீங்களாகச் சேர்த்துக்கொள்வதானால், முன்தேவைப் பாடங்களை முதல் செமஸ்டரிலேயே பாருங்கள். கணக்கியல் முடித்தால்தான் நிதி மேலாண்மை. மொழியில் முதல் நிலை முடித்தால்தான் இரண்டாம் நிலை. இரண்டும் ஒரே நேரத்தில் வகுப்பு வைத்து, வருடத்துக்கு ஒரு தடவைதான் நடத்துகிறார்கள் என்றால் ஒரு வருடம் போச்சு.

வேலை கிடைக்குமா?

முதல் வேலை பெரும்பாலும் வணிகப் பட்டத்தின் பேரில்தான் வரும். கலைப் பாடம் கைகொடுப்பது அதற்குப் பிறகு, அறிக்கை எழுதவும் பிறர் எழுதியதைச் சந்தேகத்தோடு படிக்கவும் வேண்டிவரும்போது.

இதெல்லாம் புது ஃபேஷன்தானே?

வார்ட்டன் தொடங்கியது 1881. பர்மிங்காம் பல்கலைக்கழக வணிகப் புலத்தின் முதல் தலைவர் வில்லியம் ஆஷ்லி ஒரு பொருளாதார வரலாற்றாசிரியர். 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் தனித்தனியே அறிக்கை வெளியிட்டு, வணிகக் கல்வி குறுகிப்போய்விட்டது என்று விளாசின. புது ஃபேஷன் என்றால் உங்கள் தாத்தா காலத்துப் புதுசு.

எந்தக் கலைப் பாடமும் புத்தகம் வாங்கி நானே படித்துக்கொள்வேன். எதற்குக் கல்லூரி?

படிக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய கட்டுரையில் "இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தர ஆள் வேண்டாமா?

ஓர் உதாரணம். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஓர் அடிக்குறிப்பு. நிறுவனத்தின் "மூத்த அதிகாரி ஒருவர்" கையில் இருக்கும் கூட்டு நிறுவனங்களோடு பரிவர்த்தனை நடந்ததாகச் சொல்கிறது. கணக்கு மட்டும் படித்தவர் தொகையைச் சரிபார்ப்பார். பிரதியை வரி வரியாகப் படித்துப் பழகியவர், "ஒருவர் என்றால் யார்? பெயரை ஏன் விழுங்குகிறார்கள்?" என்று அங்கேயே நிற்பார். அந்த ஒருவர் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ. 2001 டிசம்பரில் என்ரான் திவால்.

(அவரே மறுபடியும்) அந்த ஃபாஸ்டோ டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தோடு சீன மொழியும் படித்தவர்! உங்கள் கலைப் பாடம் அவரைத் திருத்தியதா?

நல்ல போடு. திருத்தும் என்று நான் எங்கே சொன்னேன்? ஒழுக்கத்துக்குத் தடுப்பூசி என்று இதை விற்பவர்களை நம்பாதீர்கள். நான் சொல்வது வாசிப்புப் பயிற்சியை. அதே கதையில் இன்னொருவரும் இருக்கிறார்: பெத்தனி மெக்லீன். வில்லியம்ஸ் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் படித்து, கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் வேலை பார்த்துவிட்டு ஃபார்ச்சூன் இதழுக்கு வந்தவர். பங்குச் சந்தை என்ரானைக் கொண்டாடிக்கொண்டிருந்த 2001 மார்ச்சில், இந்த நிறுவனம் எப்படித்தான் சம்பாதிக்கிறது என்று கேட்டு எழுதினார். தெளிவான பதில் யாரிடமும் இல்லை.

ஒரே ஒருவரை வைத்து வாதம் செய்யலாமா?

ஃபாஸ்டோ மட்டும் எத்தனை பேர்? அடுத்த கேள்விக்குப் போவோம்.

சிபிஏ (அமெரிக்கக் கணக்காளர் உரிமத் தேர்வு) எழுதப் போகிறேன். கலைப் பாடத்துக்கு நேரம் எங்கே?

உங்களுக்குத்தான் வசதி. அமெரிக்க சிபிஏ உரிமத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களின் வழக்கமான கணக்கு 150 கிரெடிட். பட்டத்துக்கு மேல் வேண்டிய 30-இல், உரிமம் கேட்கும் கணக்கியல் பாடங்கள் போக மிச்சத்தைத் தத்துவத்துக்கோ வரலாற்றுக்கோ கொடுங்கள். மாநில விதிகள் இப்போது மாறி வருகின்றன. முதலில் உங்கள் மாநிலத்து விதியைப் பாருங்கள்.

உளவியல் அறிமுகம், சமூகவியல் அறிமுகம், திரைப்பட அறிமுகம் எடுத்திருக்கிறேன். போதுமா?

போதாது. அறிமுகமாகவே பொறுக்கிக்கொண்டு போனால் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு யாரோடும் பேசாமல் வந்த கதைதான். ஒரே துறையில் மேல்நிலைப் பாடம் வரை போங்கள். நீண்ட கட்டுரை எழுதவைக்கும் ஆசிரியரைத் தேடுங்கள்.

தத்துவம் எடுத்தால் வேலை கிடைக்குமா?

மேலே இரண்டாவது பதில்.

வரலாறு எடுத்தால்?

அதே பதில்.

இரண்டாம் ஆண்டு பாதியில் இருக்கிறேன். டபுள் மேஜர் சேரலாமா அக்கா?

முன்தேவைப் பாடங்கள் எத்தனை பாக்கி என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் மைனரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மொழிப் பாடம் என்றால் இன்றைக்கே போய்த் துறைத் தலைவரைப் பாருங்கள். நிலைத்தேர்வு எழுதி முதல் நிலையைத் தாண்ட முடியுமா என்று கேளுங்கள்.