மாமா சொல்வது சாஃப்ட்வேர், தம்பியின் கை போவது கேபிள் பக்கம்

ஜோகூர், ரெங்கம் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டான். கணிதம் உட்பட ஐந்து பாடங்களில் கிரெடிட். கோலாலம்பூர் தனியார் கல்லூரி ஒன்று சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் டிப்ளோமாவுக்கு இடம் தந்திருக்கிறது. கட்டணம் 30,000 வெள்ளிக்கு மேல். பையனோ நெட்வொர்க் படிக்கிறேன் என்கிறான். "கேபிள் இழுக்கிறதுக்கு எதுக்கு டிப்ளோமா? புரோகிராமர்னு சொன்னாத்தான் மரியாதை" என்கிறார் தாய்மாமன். அப்பாவின் ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா என்பது அம்மாவின் கேள்வி.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். கல்விக்காக ஈபிஎப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம் என்பது உண்மைதான். வீடு வாங்க எடுப்பதும் அதே கணக்கிலிருந்துதான். நீங்கள் இப்போது குடியிருப்பது தோட்டத்து வீடு. கணவர் வேலையை விட்டால் அதைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்குத் தலைக்கு மேல் கூரை இந்தப் பணம்தான். அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறதே என்று கல்லூரிக்காரர்கள் சொல்வார்கள். தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அந்தக் கடன் பெரும்பாலும் ஈடுகட்டாது. மீதி உங்கள் கையிலிருந்துதான் போகும். போதாததற்கு, வேலைக்குப் போன முதல் வருடங்களிலேயே பையன் கடனாளி.

மாமாவின் பேச்சுக்கு வருவோம். புரோகிராமிங் டிப்ளோமாவும் நெட்வொர்க் டிப்ளோமாவும் மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரே படி, நான்காம் நிலை. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்பது சொந்தக்காரர்கள் போட்ட கணக்கு. தொடக்க செமஸ்டர்களில் பாடங்களும் பெரும்பாலும் ஒன்றுதான்: நிரலாக்க அடிப்படை, டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், கணிதம். அதற்குப் பிறகுதான் பிரிகிறது. ஒரு பக்கம் ஜாவா, டேட்டா ஸ்ட்ரக்சர், வெப், மொபைல் செயலி. மறுபக்கம் ரவுட்டிங், சுவிட்சிங், லினக்ஸ் மற்றும் விண்டோஸ் சர்வர் நிர்வாகம், நெட்வொர்க் பாதுகாப்பு. புரோகிராமர் வேலைக்கு டிப்ளோமாவோடு போகிறவன் பட்டதாரிகளோடு அதே வரிசையில் நிற்கிறான். தானாக எழுதிய நிரல்களைக் காட்ட முடிந்தால் தாக்குப்பிடிப்பான். அந்த ஆசையே இல்லாதவனை அனுப்பினால் இரண்டாம் செமஸ்டரிலேயே தேங்கிவிடுவான்.

உங்கள் மகனின் ஆசை எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கோயில் மண்டபத்து சிசிடிவி கேமரா விட்டுவிட்டு அணைந்தபோது, கேபிளை மாற்றிச் சரி செய்தது அவன்தான் என்கிறீர்கள். அது சின்ன விஷயமில்லை. மலிவுக் கேபிள்களில் உள்ளே இருப்பது சுத்தச் செம்பு அல்ல, செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போகும்போது, தூரம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கிவிடும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் கேமரா படுத்துவிடும்.

கேபிள் முனையில் ஆர்ஜே-45 பிளக் அடிப்பதிலும் படிப்பு இருக்கிறது. எட்டு இழைகளின் வழக்கமான வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மூன்றிலும் ஆறிலும் பிரிந்து உட்காருவதைக் கவனியுங்கள். "ஜோடி ஜோடியா வச்சா என்ன?" என்று பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரு முனையிலும் அடித்தால், மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். லைன் மட்டும் இழுக்கும், விட்டுப்போகும். சேர்ந்து முறுக்கிய ஜோடியில் சிக்னல் போகாததால் பக்கத்து ஜோடியின் இரைச்சல் உள்ளே ஏறுகிறது. இழைகளை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்துவிட்டாலும் அதே கோளாறுதான் தலைகாட்டும். ஒரு லைனின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதன் காரணத்தைத் தெரிந்தவன் டெக்னீஷியன். காரணம் தெரியாமல் இழுப்பவனைத்தான் மாமா மனத்தில் வைத்துப் பேசுகிறார்.

இருந்தாலும், பையன் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும். நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். சிஸ்கோவின் நெட்அகாடமி தளத்தில் கணக்குத் திறந்தால் போதும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இரண்டு ரவுட்டர் (நெட்வொர்க்குகளை இணைப்பது), இரண்டு சுவிட்ச் (ஒரே நெட்வொர்க்கின் கணினிகளை இணைப்பது), நான்கு கணினி வைத்து, 192.168.10.0/24 என்ற முகவரித் தொகுதியை /26 ஆக நான்காகப் பிரிக்கட்டும். ஒவ்வொரு பகுதியிலும் கருவிகளுக்குக் கொடுக்க 62 முகவரி வரும். முதல் தடவை பிங் (எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா என்ற சோதனை) போகாது. ரவுட்டரின் இணைப்புகள் ஆரம்பத்தில் மூடியே இருக்கும், 'நோ ஷட்டவுன்' என்ற கட்டளை கொடுத்தால்தான் திறக்கும். அடுத்து, கணினியில் டிஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போகும் ரவுட்டரின் முகவரி, போட மறந்திருப்பான். அதுவும் சரியென்றால், எதிர்ப்பக்கத்து நெட்வொர்க்குக்கு வழி சொல்லும் ரூட் விட்டுப்போயிருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்தான் என்றால் இதுதான் அவன் படிப்பு. மறுநாள், ஒரு வாரம் வெட்டிய குலைகளின் எடையிலிருந்து ஆள்வாரியாகச் சம்பளம் போடும் சின்ன பைதான் நிரலை எழுதச் சொல்லுங்கள். அதில்தான் மூழ்கிப்போனான் என்றால் என் பேச்சை விடுங்கள், புரோகிராமிங்குக்கே போகட்டும், ஆனால் அரசு பொலிடெக்னிக்கில்.

ஏனென்றால், பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் வாசல் அது. பொலிடெக்னிக்கில் கட்டணம் ஒரு செமஸ்டருக்கு 200 வெள்ளி. விடுதி, சாப்பாடு, ஒரு லேப்டாப் எல்லாம் சேர்த்தாலும் அந்தத் தனியார் கல்லூரிக் கட்டணத்தை எட்டாது. விண்ணப்பம், அரசு உயர்கல்விக் கூடங்களுக்கான சேர்க்கைத் தளமான யுபியு ஆன்லைன் வழியாக. தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவில் நெட்வொர்க் பிரிவு எல்லா பொலிடெக்னிக்கிலும் கிடைப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு வரிசைப்படுத்துங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு ரவுட்டரை எத்தனை மாணவர்கள் பகிர்கிறார்கள், ஃபைபர் ஒட்டும் கருவியில் மாணவர்கள் கை வைக்க விடுகிறார்களா, தொழிற்பயிற்சிக்கு எந்த மாதிரி நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். எந்தக் கல்லூரியானாலும் படிப்பின் பெயரை, படிப்புகளை அங்கீகரிக்கும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டில் தேடிப் பார்க்காமல் ஒரு காசு கட்ட வேண்டாம்.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. செம்பனை நின்ற செடெனாக் நிலத்தில் இன்று டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. ரெங்கத்திலிருந்து லாயாங் லாயாங் தாண்டினால் செடெனாக்தான். கட்டி முடித்த டேட்டா சென்டருக்கு ஆள் அதிகம் தேவைப்படாது, அதை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். ஆனால் சர்வர் பொருத்துவது, ஃபைபர் இணைப்பது, இரவில் கோளாறு பார்ப்பது என்று நெட்வொர்க் தெரிந்தவனுக்கு அங்கேயும் வேலை உண்டு, தொழிற்சாலை, மருத்துவமனை, இணையச் சேவை நிறுவனங்களிலும் உண்டு.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட் வேலை, இரவு விழிப்பு, சில இடங்களில் ஏணி ஏற வேண்டும். வெளிவேலைக்கு ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். டிப்ளோமாவோடு நின்றுவிட்டால் கேபிளோடு நிற்க நேரலாம். அதனால் லினக்ஸையும் பைதானையும் விடக் கூடாது, சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வும் எழுத வேண்டும். அதன் கட்டணம் 300 அமெரிக்க டாலர், சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். தேர்வை நேரடியாகவே பதிந்து எழுதலாம், அதற்காக ஆயிரக்கணக்கில் 'பேக்கேஜ்' வாங்காதீர்கள். பட்டப்படிப்புக்குப் போக ஆசை வந்தால், டிப்ளோமாவில் சராசரிப் புள்ளி (சிஜிபிஏ) 2.50க்குக் குறையாமல் வைத்திருக்கட்டும்.

யுபியுவில் பொத்தானை அழுத்தும் முன் ஒரு வேலை பாக்கி. தம்பியைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போய் நிறம் பிரித்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். ஃபைபர் இழைகளுக்குப் பன்னிரண்டு நிறம். சிவப்பும் பச்சையும் குழம்பினால் கேபிள் வேலை தினமும் தலைவலி. குழப்பம் இருந்தாலும் சர்வர் நிர்வாகமும் நெட்வொர்க் பாதுகாப்பும் அவனுக்குத் திறந்தே இருக்கும், பிரிவை மட்டும் மாற்றிக் கேட்க வேண்டும். தனியார் கல்லூரி கேட்கும் முன்பணத்தை யுபியு முடிவு தெரியும்வரை கட்டாதீர்கள். அவர்கள் அவசரப்படுத்தினால், பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.