உதவிப் பக்கத்தை எங்கிருந்து வாசிப்பது?

கேள்வி: மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பொருளின் பெயரைத் தட்டினால் பட்டியலிலிருந்து விலை தானாக வர வேண்டும். எக்செல் உதவிப் பக்கத்தைப் பார்த்து 'எக்ஸ்லுக்அப்' சூத்திரத்தை எழுதினால் '#நேம்?' என்று வருகிறது. அதே வேலைக்கான 'வீலுக்அப்' சூத்திரத்தின் பக்கமோ எத்தனை முறை வாசித்தாலும் பிடிபடவில்லை. எங்களிடம் இருப்பது எக்செல் 2016. எங்கே தவறு?

பதில்: எக்ஸ்லுக்அப் எக்செல் 2021 முதலும் மைக்ரோசாஃப்ட் 365-லும்தான் உண்டு. உங்கள் 2016-இல் அந்தப் பெயரே கிடையாது, '#நேம்?' சொல்வது அதைத்தான். இந்த வேலைக்கு உங்களிடம் இருப்பது வீலுக்அப். எந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும் என்ற விவரம் உதவிப் பக்கத்தின் தலைப்பை ஒட்டிச் சிறிய எழுத்தில் இருக்கும். சில சமயம் சொடுக்கினால்தான் விரியும். வாசிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியதை இப்படி ஒதுக்கி வைப்பது எழுதியவர்களின் குறை. ஆனாலும் அந்த வரியைப் பார்க்காமல் கீழே இறங்காதீர்கள்.

அடுத்து, நேராக எடுத்துக்காட்டுக்குப் போங்கள். இந்தப் பக்கங்கள் அகராதி போல எழுதப்பட்டவை; முதல் வரியிலிருந்து வாசித்தால் யாருக்கும் அலுக்கும். எடுத்துக்காட்டை ஒரு புதிய தாளில் அப்படியே தட்டி, விடை வருகிறதா என்று பார்த்த பிறகு சூத்திர அமைப்பை வாசித்தால் பாதி புரிந்துவிடும்.

அமைப்பில் காற்புள்ளியால் பிரித்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு விவரம் எழுத வேண்டும்; சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதை எழுதாமலும் விடலாம். ஆபத்து இங்கேதான். வீலுக்அப்பின் நான்காவது இடம் அப்படிப்பட்டது. அதை விட்டுவிட்டால், பட்டியல் அகர வரிசையில் இருப்பதாக எக்செல் எடுத்துக்கொண்டு தோராயமாகத் தேடும். உங்கள் பட்டியல் வரிசையில் இல்லையென்றால் துவரம்பருப்பு கேட்ட இடத்தில் மிளகாய் விலை வந்து உட்காரலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. பில் போன பிறகுதான் தெரியும். நான்காவது இடத்தில் எப்போதும் 0 போடுங்கள். பெயர் அச்சாகப் பொருந்தினால் மட்டுமே விலை வரும். ஆகவே விருப்பப்பட்டால் எழுதலாம் என்று கண்ட ஒவ்வொரு இடத்திலும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தேடி வாசியுங்கள்.

உதவிப் பக்கத்தைவிட எளிய வழியும் எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. சூத்திரப் பட்டையின் இடப்புறம் உள்ள 'எஃப்எக்ஸ்' பொத்தானை அழுத்தி வீலுக்அப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டமும், என்ன எழுத வேண்டும் என்ற விளக்கமும் வரும். தடித்த எழுத்தில் உள்ளவை கட்டாயம். நிரப்ப நிரப்ப, ஓகே கொடுக்கும் முன்பே விடை கீழே தெரியும். பிழைச் செய்தி வந்தால், அதை எழுத்து மாறாமல் சூத்திரத்தின் பெயருடன் சேர்த்துத் தேடுங்கள். சொந்த வார்த்தையில் தேடினால் பொதுவான பக்கங்களே வரும்.

விலைப் பத்தி பெயர்ப் பத்திக்கு இடப்புறம் இருந்தால் வீலுக்அப் உதவாது. இன்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு சூத்திரங்களையும் சேர்த்து எழுதுங்கள். மேட்ச்சின் மூன்றாவது இடத்திலும் மறக்காமல் 0 போடுங்கள்.