பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கும்போது கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் எழுதியிருப்பது இது: சென்னையில் ஒரு 2017 மாடல் பெட்ரோல் கார், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக், எழுபதாயிரம் கிலோமீட்டர் சுமாருக்கு ஓடியது. பிரேக்கை மிதித்து 'டி'யில் (முன்னால் போகும் டிரைவ் நிலை) போட்டால் சற்றுத் தாமதித்து, ஒரு இடி இடித்து எடுக்கிறது. அறுபது, எழுபதில் போகும்போது லேசான நடுக்கம். விற்பவரைக் கேட்டால், "ஆட்டோமேட்டிக்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்.

கோவையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை செய்யும் ஒரு பட்டறையில் சில வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். விற்பவர் சொல்வது ஒரு வகை ஆட்டோமேட்டிக்குக்கு ஓரளவு பொருந்தும். உங்கள் வண்டி அந்த வகை இல்லை.

நம் ஊரில் ஓடும் ஆட்டோமேட்டிக்குகள் நான்கு வகை. முதலாவது ஏஎம்டி. 2014-ல் செலேரியோவில் வந்து, பிறகு ஆல்டோ, டியாகோ, க்விட் என்று பரவியது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் ஆக்சுவேட்டர் வேலை. கியர் மாறும்போது ஒரு நிறுத்தம், தலை முன்னால் போய் வருவது, இதெல்லாம் இதில் இயல்பு. இந்த வண்டிகளின் லிவரில் பெரும்பாலும் 'பி' (பார்க்) இருக்காது, அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டாவது டார்க் கன்வெர்ட்டர்: முதல் தலைமுறை கிரெட்டா, சியாஸ் பெட்ரோல், இன்னோவா கிரிஸ்டா ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக். மூன்றாவது, ஹோண்டா சிட்டியில் வரும் சிவிடி; இதில் தனித்தனி கியர்கள் இல்லை, பெல்ட்டும் புல்லியும் வைத்து விகிதம் தொடர்ச்சியாக மாறும். நான்காவது இரட்டை கிளட்ச்; ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. போலோ, வென்டோவில் டிஎஸ்ஜி என்று வந்தது. காரின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பலேனோவில் முன்பு சிவிடி கொடுத்தார்கள், 2022 மாடலிலிருந்து ஏஎம்டி. ஒரே பெயர், உள்ளே இருப்பது வேறு, வரும் நோயும் வேறு.

அடுத்தது, எந்த வகையாக இருந்தாலும், வண்டியை ஆறிய நிலையில் பார்க்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள்: "காலையில் நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன், அதுவரை எடுக்காதீங்க." போனதும் முதலில் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "பெட்ரோல் போடப் போனேன்" என்று ஒரு கதை வரும். சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கியர்பாக்ஸுக்குள் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை அந்தத் தாமதம் வரும் நேரம் ஓரளவு சொல்லிவிடும். ரப்பர் சீல்கள் வயதாகி இறுகிப் போயிருந்தால் காலையில் ஆயில் அழுத்தம் பிடிக்கத் தாமதமாகும். சூடேறியதும் சீல் இளகி எல்லாம் சரியாகிவிடும். விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைப்பது இதை மறைக்கத்தான். இதற்கு நேர்மாறாக, காலையில் நன்றாக இருந்து, அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓடியபின் தாமதம் வந்தால், ஆயில் நீர்த்ததும் அழுத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம். பம்ப் தேய்ந்திருக்கலாம், உள்ளே எங்காவது கசியலாம். பெரிய செலவு வைப்பது இந்த இரண்டாவதுதான். ஆகவே ஆறிய வண்டியில் ஒரு முறை, நன்றாகச் சூடானபின் ஒரு முறை, இரண்டும் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்த உடனே கியர் போட்டுப் பார்க்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின் ஆயிரத்துக்கு மேல் ஆர்பிஎம்மில் ஓடும், அந்த நேரத்தில் டி-யில் போட்டால் நல்ல வண்டியும் கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். முள் எண்ணூறு பக்கம் இறங்கட்டும். பிறகு பிரேக்கை அழுத்திப் பிடித்து 'என்'னிலிருந்து (நியூட்ரல்) டி, மறுபடி என், அடுத்து 'ஆர்' (ரிவர்ஸ்). ஒவ்வொன்றிலும் கியர் பிடிப்பது உடம்பில் தெரியும். ஒரு நொடிக்குள் மெதுவாகப் பிடித்தால் சரி. இரண்டு நொடிக்கு மேல் இழுத்துவிட்டு இடித்தால் உள்ளே பிரச்சினை. தாமதமே இல்லாமல் வெறும் இடி மட்டும் இருந்தால் அவசரப்பட்டு கியர்பாக்ஸைக் குறை சொல்லக் கூடாது. பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை மிதித்தபடியே ஒருவர் டி, ஆர் மாற்றட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். மாற்றும்போதெல்லாம் இன்ஜின் துள்ளினால், அதைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் போயிருக்கிறது. அது சின்ன வேலை. மவுன்ட் போன வண்டியை கியர்பாக்ஸ் போனதாக நினைத்து வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு.

இப்போது உங்கள் வண்டியின் நடுக்கத்துக்கு வருவோம். இது மூன்று இடத்திலிருந்து வரலாம், மூன்றையும் ஓட்டியே பிரிக்கலாம். டயர், வீல் பேலன்ஸ் கோளாறு வேகத்தைப் பொறுத்தது. அறுபதில் வந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டாலும் அதே அறுபதில் இருக்கும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் கோளாறு என்றால் இழுவை கேட்கும்போதெல்லாம் வரும். மேட்டில் ஏறும்போது குறைந்த கியரிலும் வெட்டி வெட்டி இழுக்கும், பல நேரம் இன்ஜின் லைட்டும் எரியும். மூன்றாவது, டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச். சீரான வேகத்தில் போகும்போது இந்தக் கிளட்ச் பிடித்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும். அது தேய்ந்திருந்தாலோ, ஆயில் கெட்டிருந்தாலோ, பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும். வேகத்தடைக்கு முன்னால் வரிசையாகப் போடும் வெள்ளைப் பட்டைகள் மேல் ஓடுவது மாதிரி ஒரு சீரான அதிர்வு, இரண்டு மூன்று நொடி வந்து போகும்.

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பின்னால் வண்டி வராத நேர் சாலையில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி நடுக்கம் வரும் வேகத்தைப் பிடியுங்கள். நடுக்கம் ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரை மாற்றாமல், இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும், பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த சிக்னல் போனதும் லாக்-அப் விட்டுவிடும்; ஆர்பிஎம் முள் இருநூறு, முந்நூறு ஏறும். அந்த நொடியே நடுக்கமும் நின்றால் காரணம் கன்வெர்ட்டர்தான். முள் ஏறியும் நடுக்கம் தொடர்ந்தால் வேறு பக்கம் பாருங்கள். மேனுவல் வண்டி ஓட்டிப் பழகியவர்களின் இடது கால் கிளட்ச் மிதிக்கிற வேகத்தில் பிரேக்கை மிதித்துவிடும். அதனால் இதில் பழக்கம் உள்ள ஒருவரை ஓட்டச் சொல்வது நல்லது.

அந்த ஓட்டத்திலேயே கியர் மாறும் தருணங்களையும் கவனியுங்கள். முள் திடீரென மேலே எகிறி, வேகம் ஏறாமல், பிறகு கியர் பிடித்தால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. சிவிடி என்றால் இந்த அளவுகோல் செல்லாது; அதில் இன்ஜின் சத்தம் முன்னால் போய் வேகம் பின்னால் வருவது இயல்புதான். சிவிடியில் கேட்க வேண்டியது வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம், பார்க்க வேண்டியது நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுக்கும்போது வரும் உதறல். இரட்டை கிளட்ச் வண்டியை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து ஓட்ட வேண்டும்; காலியான ஈசிஆரில் எல்லா டிஎஸ்ஜியும் நன்றாகத்தான் ஓடும்.

கடைசியாக ஒரு மேடு. பேஸ்மென்ட் பார்க்கிங் சாய்தளம் போதும். ரிவர்ஸில் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். முன்னால் போகும்போது ஒன்றும் தெரியாத வண்டி ரிவர்ஸில் திணறுவதுண்டு.

ஆயில் பற்றி நிறையப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். "வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்பதும் சரியில்லை, "பழைய வண்டியில் ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்பதும் சரியில்லை. ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்கிய வண்டியில் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றி, அது போனதும் பழியை ஆயில் மேல் போடுவார்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது. லிஃப்டில் ஏற்றி, கியர்பாக்ஸின் ஆயில் பிளக்கைத் திறந்துதான் பார்க்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் ஆயில் பொதுவாகச் சிவப்பு, வயதானால் பழுப்பாகும், அது பரவாயில்லை. கறுத்து, கருகிய வாடை வந்தாலோ, துணியில் தேய்த்தால் உலோகத் துகள் மின்னினாலோ வேண்டாம். இளஞ்சிவப்பில் பால் கலந்தது போல் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போயிருக்கிறது, பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 2023 வெள்ளத்தைப் பார்த்த ஊர் வண்டி என்பதால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் கடைசியில்தான். பி0700 என்று வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தனியாக ஏதோ கோளாறு எழுதி வைத்திருக்கிறது என்று பொருள், பி0741 லாக்-அப் சம்பந்தப்பட்டது. மலிவான புளூடூத் கருவிகள் பல இன்ஜின் பக்கத்தை மட்டுமே படிக்கும், கியர்பாக்ஸ் பக்கத்தையும் படிக்கும் கருவி உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். கோளாறு எதுவுமே இல்லை என்று வந்தால், அந்தக் குறியீடுகளை அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். அந்தத் தகவல் பல வண்டிகளில் கிடைக்கும். எழுபதாயிரம் ஓடிய வண்டியில் அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்காக யாரோ சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். "ரீசெட் பண்ணினா சரியாயிடும்" என்பதும் இதே கதைதான். சில நாள் ஒழுங்காக மாறும், தேய்ந்தது தேய்ந்ததுதான்.

உங்கள் வண்டியில் தாமதம் காலையில் மட்டும் வந்து, நடுக்கம் பிரேக் தொட்டதும் நின்று, ஆயில் கருகாமல் இருந்தால், கம்பெனி சொன்ன அதே ஆயிலைப் போட்டாலே நடுக்கம் தீர நல்ல வாய்ப்பு உண்டு. சீல் தேய்மானம் மட்டும் மெல்ல வளரும். நடுக்கம் தீராமல் போனால் ஆகும் கன்வெர்ட்டர் வேலைக்கு ஒரு பட்டறையில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், ஒப்புக்கொண்டால் வாங்கலாம். தாமதம் சூட்டிலும் வந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இந்த மாடலில் இதே விலைக்கு வேறு வண்டி கிடைக்கும்.