வீட்டு ஓனர் இறந்துவிட்டார்: வாடகையை யாரிடம் கொடுப்பது, எப்போது காலி செய்வது?

கேள்வி: தாம்பரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் ஐயா போன மாதம் தவறிவிட்டார். அவர் மனைவி மாடியில்தான் இருக்கிறார். 11 மாத அக்ரிமென்ட்டில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி. காரியம் முடிந்த மறுநாளே மூத்த மகன் வந்து, "அக்ரிமென்ட் அப்பாவோடு முடிந்துவிட்டது, ஒரு மாதத்தில் காலி செய்யுங்கள், வாடகையை என் கணக்கில் போடுங்கள்" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் போன் செய்து, அண்ணனிடம் பணம் தராதீர்கள் என்கிறார். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் நிம்மதியாக இருங்கள். ஓனரின் மரணத்தோடு அக்ரிமென்ட் முடிவதில்லை. குத்தகையோ வாடகையோ எப்படியெல்லாம் முடிவுக்கு வரும் என்பதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. உரிமையாளரின் மரணம் அதில் இல்லை. வீடு வாரிசுகளுக்குப் போகும்போது, உங்கள் அக்ரிமென்ட்டையும் சேர்த்துத்தான் அவர்கள் பெறுகிறார்கள். அதே வாடகை, அதே காலம், அதே நிபந்தனைகள்.

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அக்ரிமென்ட் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவோடுதான் உங்களை வெளியேற்ற முடியும். மூத்த மகனுக்கு உண்மையிலேயே அந்த வீடு தேவைப்பட்டால், அந்தத் தேவையை அவர் நீதிமன்றத்தில் சொல்லி நிரூபிக்க வேண்டும். வாசலில் நின்று சொன்ன ஒரு மாதக் கெடுவுக்குச் சட்ட பலம் கிடையாது.

அடுத்தது வாடகை. இந்த நிலையில் இருக்கும் பலரும் தடுமாறுவது இங்கேதான். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, சண்டை தீரட்டும் என்று வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உங்களைக் காலி செய்யச் சொல்ல இப்போது அவர்கள் கையில் காரணம் எதுவும் இல்லை. இரண்டு மாத பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால், நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்ததாகிவிடும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? ஐயா உயில் எழுதவில்லை, வீடு அவர் சம்பாதித்தது, குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மனைவி, மகன்கள், மகள்கள், ஐயாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. மூத்த மகன் என்பதற்காகத் தனி அதிகாரம் எதுவும் இல்லை. மகள் வெளிநாட்டில் இருப்பதால் அவர் பங்கு குறைந்துவிடவும் இல்லை. மாடியில் இருக்கும் அந்த அம்மாவும் ஓர் உரிமையாளர். அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வாரிசுகள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். அக்ரிமென்ட்டின் தேதியையும் முடியும் நாளையும், ஐயாவிடம் கொடுத்த அட்வான்ஸ் தொகையையும், மாத வாடகையையும் அதில் குறிப்பிடுங்கள். வாடகை தயாராக இருக்கிறது, யார் கணக்கில் செலுத்த வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்திட்டு எழுத்தில் தெரிவியுங்கள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களும் தாருங்கள் என்று கேளுங்கள். உயில் இருந்தால் அதன் நகலும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு அவர்கள்தான் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து தாசில்தாரிடம் வாங்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். கடிதத்தை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். சிங்கப்பூரில் இருப்பவருக்கு மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் போதும், ஆனால் அழிக்காமல் வைத்திருங்கள்.

அம்மாவின் கணக்கிலேயே வாடகையைப் போடட்டும் என்று பிள்ளைகள் இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. நீங்களே இதை மென்மையாகச் சொல்லிப் பார்க்கலாம். கணவர் போன பிறகு அந்த வாடகைதான் அவருடைய மாத வருமானமாக இருக்கக்கூடும்.

அவர்கள் ஒத்துப்போகவில்லை என்றால், மாதாமாதம் வாடகையைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். அதோடு நிறுத்தாமல், உங்கள் பகுதிக்குரிய வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் இந்தப் பொறுப்பில் இருப்பார். வாடகையை வாங்க மறுத்தால், மணியார்டர் போன்ற வழிகளில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் செலுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இறந்தவரின் பழைய கணக்குக்கே ஜிபேயில் அனுப்பிக்கொண்டிருப்பதும் வேண்டாம். வங்கிக்குத் தகவல் போனதும் கணக்கை முடக்கிவிடுவார்கள், அதற்கு முன்பு அந்த போன் யார் கையில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ரசீது இல்லாமல் ரொக்கமாக யாருக்கும் கொடுக்காதீர்கள், அம்மாவுக்குக்கூட.

அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கேட்பவர் என்றால் இன்னொன்று. ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஓனரின் பான் எண் கேட்பார்கள். இனி யாருக்கு வாடகை போகிறதோ அவருடைய பான் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் கழித்து என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்ரிமென்ட் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும் என்று வாரிசுகளை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால், வாடகையைப் போலப் பல மடங்கு இழப்பீடு கட்ட நேரிடும். மகளின் தேர்வு அந்தக் காலத்துக்குள் வந்தால் கவலையில்லை. தேர்வு அதைத் தாண்டிப் போனால், கூடுதலாக எத்தனை மாதம் வேண்டும் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பள்ளிப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இரண்டு மாதம் சேர்த்துக் கொடுக்கப் பெரும்பாலான குடும்பங்கள் மறுக்காது.

கேள்வி: மதுரையில் எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான், அக்ரிமென்ட் கிடையாது. ஓனரம்மா இறந்துவிட்டார். அவருடைய தம்பி மகன் 15 நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இது செல்லுமா?

பதில்: உங்கள் நிலை தாம்பரத்துக் குடும்பத்தைவிடக் கடினமானது. மாத வாடகைக் குடியிருப்பை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு, 2017 சட்டப்படி எல்லா வாடகையும் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குப் போகவும் அந்தச் சட்டம் ஓனருக்கு வழி விடுகிறது. எட்டு வருடம் இருந்துவிட்டோம் என்பது தனி உரிமை எதையும் தராது.

ஆனால் நோட்டீஸ் வேறு, வெளியேற்றுவது வேறு. 15 நாள் முடிந்த அன்று அவர் வந்து பூட்டுப் போட முடியாது. நீங்கள் போகாவிட்டால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சிவில் விவகாரத்தில் போலீஸ்காரர் வந்து உங்களைக் காலி செய்யச் சொல்லவும் அதிகாரம் இல்லை.

அதற்கு முன் நோட்டீஸ் அனுப்பியவர் யார் என்று பாருங்கள். ஓனரம்மாவுக்குப் பிள்ளைகள் இருந்தால், உயில் இல்லாத நிலையில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தம்பி மகன் வாரிசாகவே வரமாட்டார். எந்த உரிமையில் அனுப்புகிறீர்கள், ஆவணத்தைக் காட்டுங்கள் என்று பதில் நோட்டீஸ் கொடுங்கள். இதற்கு மட்டும் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவு வீண்போகாது. அவர் உண்மையான வாரிசுதான் என்று தெரிந்துவிட்டால், மூன்று மாத அவகாசம் கேட்டுப் பேசி முடிப்பதே நல்லது. எழுத்து எதுவும் இல்லாமல் வழக்கை இழுப்பதால் உங்களுக்கு லாபமில்லை. இத்தனை வருட வங்கிப் பரிமாற்றம், கேஸ் பில், ரேஷன் கார்டு முகவரி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நீங்கள் அங்கே குடியிருந்ததற்கு அவைதான் சாட்சி.

கேள்வி: கோவையில் 1.5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். "அப்பா வாங்கிய பணம் எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள் பிள்ளைகள். பணம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. அப்பாவின் வீட்டை எடுத்துக்கொள்கிறவர்கள் அப்பாவின் கடனையும் ஏற்கத்தான் வேண்டும். அவர்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. வீடே அவர்களுக்கு வந்திருக்கும்போது 1.5 லட்சத்துக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2017 சட்டத்தின் விதி.

கொடுத்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அக்ரிமென்ட்டில் தொகை எழுதியிருந்தால் அதுவே போதும். காசோலையாகக் கொடுத்திருந்தால் வங்கி அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி சில மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் இந்த நிலையில் வாரிசுகளின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நீங்களாகக் கழிக்காதீர்கள், அது வாடகை பாக்கி என்று திரும்பி வரும்.

பல லட்சம் கொடுத்து லீஸுக்கோ போக்கியத்துக்கோ இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போக்கியம் என்பது அடமானம், அதன் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். வெறும் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியிருந்தால், வாரிசுகளிடமிருந்து தொகையை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் வாங்குங்கள். வீட்டை விற்கும் பேச்சு எழுவதற்கு முன்பே வாங்குங்கள்.

கேள்வி: ஓனர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பவர் கொடுத்திருந்த உறவினர்தான் வாடகை வாங்கி வந்தார். ஓனர் இறந்த பிறகும் அவரே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பவர் கொடுத்தவர் இறந்ததும் பவரும் போய்விடும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. இறந்தது தெரியாமல் நீங்கள் கொடுத்த வாடகைக்குப் பாதுகாப்பு உண்டு. தெரிந்த பிறகு கொடுத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. வாரிசுகள் அவருக்கே புதிதாக பவர் எழுதிக் கொடுத்தால் அந்த நகலை வாங்கிக்கொண்டு தொடரலாம்.

கேள்வி: காலி செய்ய மறுத்ததால் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். ஈ.பி. இணைப்பையும் துண்டிப்பதாக மிரட்டுகிறார்கள்.

பதில்: ஓனர் செய்தாலும் வாரிசு செய்தாலும் இது சட்டவிரோதம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 2017 சட்டம் நேரடியாகவே சொல்கிறது. தேதி தெரியும்படி படம் எடுத்து, அன்றைக்கே வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். வசதியைத் திரும்பக் கொடுக்கும்படி அவர் உத்தரவிட முடியும். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மின் கட்டணத்தை மட்டும் நாள் தவறாமல் கட்டிவிடுங்கள். இணைப்பு இறந்தவர் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, பெயர் மாற்றுவது வாரிசுகளின் வேலை.

கேள்வி: இந்தச் சண்டையே வேண்டாம், நாங்களே போய்விடுகிறோம். யாரிடம் நோட்டீஸ் கொடுப்பது?

பதில்: அக்ரிமென்ட்டில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்ன எழுதியிருக்கிறதோ, அதே அளவு முன்னறிவிப்பு கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த எல்லா வாரிசுகளுக்கும் எழுதுங்கள். சாவியை ஒருவர் கையில் கொடுக்கும்போது மற்றவர்களின் எழுத்துச் சம்மதமும், வீட்டைப் பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தும் வேண்டும். அட்வான்ஸ் கணக்கை அதே தாளில் எழுதி முடித்துக்கொள்ளுங்கள். ஈ.பி. மீட்டர் எண்ணிக்கையையும் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துவிட்டு வெளியேறுங்கள்.